அடைப்பு வேறு, படிவு வேறு!

சேலத்திற்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையின் கல்லில் காந்த இரும்பு உண்டு. அக்கல்லை உலையிலிட்டு இரும்பெடுத்த கைகள் நம் முன்னோருடையவை. காந்தத்தின் ஈர்ப்பை இம்மண்ணின் மக்கள் நூல் படித்து அறிந்தவரல்லர், கையாண்டு அறிந்தவர். அந்தக் காந்த ஆற்றலே இன்று வேறொரு வேலையில் இறங்கியிருக்கின்றது. மாந்தனின் மண்டையோட்டைத் திறவாமல், கத்தி படாமல், மூளைக்குள் ஓடும் வைக்கோல் தாளளவான குருதிக்குழாயின் சுவரில் என்ன படிந்திருக்கின்றது என்று காட்டுகின்றது.

அறிவியல் அவ்வளவு தொலைவு வந்துவிட்டது. ஆனால், படத்தில் கண்டதை அத்தலைக்கு உரியவனிடம் அவன் மொழியில் எடுத்துச் சொல்லும் சிறு தொலைவை நாம் இன்னும் கடக்கவில்லை. இதனை மொழிச் சிக்கல் என்று மட்டும் எண்ணி ஒதுக்குவார்க்கு ஒன்று சொல்வேன்: இஃது உயிர்ச் சிக்கல். என் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு.

என் தமக்கையின் கணவர் சரக்குந்து ஓட்டுநர். சங்ககிரிப் பக்கத்து ஊரினர். இளமை முதல் வடநாட்டுச் சாலைகளில் இரவும் பகலும் ஓட்டிப் பழகியவர். ஒருநாள் விடியலில் அவருடைய வலக்கை தளர்ந்தது, நாக் குழறியது. அரைமணி நேரத்திற்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டன. ஆயினும் தமக்கையார் விடவில்லை. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். படமும் எடுத்தாயிற்று. ‘அடைப்பு ஒன்றும் இல்லை’ என்ற மூன்று சொற்களே அவர்க்குக் கிடைத்த விளக்கம். கையில் கிடைத்ததோ இரண்டு பக்க ஆங்கில அறிக்கை. மாத்திரைகளை எழுதிக் கொடுத்தனர். எதற்காக, எவ்வளவு காலத்திற்கு என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டு திங்கள் உண்டார், பிறகு நிறுத்திவிட்டார். “அடைப்பே இல்லையென்று அவர்களே சொல்லிவிட்டார்கள், மாப்பிள்ளை. இல்லாத அடைப்புக்கு எதற்கு மாத்திரை?” என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. “நீங்கள் சொல்வதும் முறைதான், மாமா” என்றேன். அந்த விடைதான் இன்றும் என்னை உறுத்துகின்றது.

ஐந்தாம் திங்களில் வலப்பக்கம் முழுவதும் விழுந்தது, பேச்சும் போயிற்று. இம்முறை வேறோர் ஊரில், குழாயின் சுவரையே காட்டும் காந்தப் படம் எடுத்தனர். மூளையின் இடப்பக்க நடுக்குழாயின் சுவரில் ஒருபுறமாகத் தடித்திருந்த கொழுப்புப் படிவை மருத்துவர் விரல்வைத்துக் காட்டினார். பழைய அறிக்கையையும் புரட்டினார். அக்குழாயின் ஓரம் சற்றே சீரற்றிருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

முதலிற் பார்த்த மருத்துவர் பொய் சொல்லவில்லை. அடைப்பு உண்மையாகவே இல்லை. ஆனால், படிவு இருந்தது. அடைப்பு வேறு; படிவு வேறு. இவ்விரண்டையும் பிரித்துணர்த்தும் சொல் நம் மக்களிடம் இல்லாமையால் நேர்ந்த இழப்பு இது.

இவ்வேறுபாட்டை விளக்குவது கடினமன்று. மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் வாய்க்கால்கள் வருகின்றன. வாய்க்காலில் நீர் குறையாமல் ஓடுகின்றது என்பதனாலேயே கரை நன்றாக இருக்கின்றது என்று எந்த உழவனாவது சொல்வானா? ஓட்டம் முழுமையாக இருக்கும்போதே, கரைக்குள் எலி வளை தோண்டியிருக்கும், மண் இளகியிருக்கும். ஒருநாள் கரை சரிந்து மண் விழுந்து வாய்க்கால் தூரும். ஓட்டத்தைப் பார்ப்பது ஒரு பார்வை. கரையைப் பார்ப்பது மற்றொரு பார்வை. மூளைக் குருதிக்குழாய்க்கும் இது பொருந்தும்.

கொழுப்புப் படிவு, நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாயின் உட்புறத்தில் ஏறும் உப்புப் படிவு போன்றதென்று பலர் கருதுகின்றனர். அவ்வொப்புமை பாதிதான் சரி. உப்பு, குழாயின் உட்பரப்பின்மேல் படிகின்றது. கொழுப்போ குருதிக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து, அங்கேயே தடித்து வளர்கின்றது. சுவர் தடிக்கத் தடிக்கக் குழாய் வெளிப்புறமாக விரிந்து இடங்கொடுக்கின்றது. உள்வழி நெடுங்காலம் குறுகாமலே இருக்கும். 1987ஆம் ஆண்டில் கிளாகோவ் என்னும் அமெரிக்க ஆய்வறிஞரும் அவர் குழுவினரும் இறந்தோரின் நெஞ்சாங்குலைக் குழாய்களை ஆய்ந்து, படிவு ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு இடத்தைப் பிடிக்கும் வரையிலும் உள்வழி குறுகாதிருக்கக் கூடும் என்று காட்டினர். மூளைக் குழாய்களிலும் இத்தகைய வெளிவிரிவு உண்டென்பதைப் பின்னர் வந்த காந்தப் படங்கள் காட்டின.

குறுக்கம் இல்லாவிடினும் இப்படிவு மூவகையில் தீங்கு செய்யும். படிவின் மேல்தோல் வெடித்தால் அவ்விடத்தில் குருதி உறைந்து குழாயைத் திடீரென மூடலாம். உறைந்த கட்டியின் துணுக்கு பிரிந்து சென்று அப்பாலுள்ள சிறு குழாயில் சிக்கலாம். பெருங்குழாயிலிருந்து பிரியும் நுண்கிளைகளின் வாயைப் படிவு மூடிவிட, பெருங்குழாயில் ஓட்டம் குறையாமலே மூளையின் ஆழப்பகுதி ஒன்று பட்டுப்போகலாம். பக்கவாதம் என்று ஊரார் சொல்லும் மூளைத்தாக்கு இவ்வழிகளிலெல்லாம் வரும்.

இனி, காந்தப் படம் இதனை எவ்வாறு காட்டுகின்றது என்பதைப் பார்ப்போம். மக்கள் எம்.ஆர்.ஐ. என்று சொல்லிப் பழகிய இதனைத் தமிழில் காந்த ஒத்ததிர்வுப் படம் என்கிறோம். உடலிலுள்ள நீரில் நீரகம் உண்டு. நீரகத்தின் அணுக்கருக்கள் நுண்காந்தங்களைப்போல் நடக்கும். வலிய காந்தத்தின் நடுவில் உடலைக் கிடத்தினால் அவற்றுள் ஒரு சிறு பங்கு மிகுதியாக ஒரே திசை நோக்கும். அவற்றின் சுழற்சியோடு ஒத்துப்போகும் வானொலி அலையைச் செலுத்தினால் அவை நிலைபெயரும். அலையை நிறுத்தினால் மெல்லத் திரும்பும். திரும்பும்போது அவை விடுக்கும் மெல்லிய அலையைப் பிடித்துக் கணிப்பொறி படமாக்குகின்றது. கொழுப்பும் நீரும் குருதியும் திரும்பும் வேகம் வேறுவேறாதலால் அவை படத்தில் வேறுவேறாகத் தெரிகின்றன. ஊடுகதிர் இதில் இல்லை. இம்முறைக்கு வழிகண்ட அமெரிக்கர் பால் இலாட்டர்பருக்கும் ஆங்கிலேயர் பீட்டர் மேன்சுபீல்டுக்கும் 2003ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

மூளைக் குழாய்ச் சுவரைப் பார்க்க 3 தெசுலா வலிமையுள்ள காந்தமே சிறந்தது. நம் பகுதியில் நிலவுலகின் இயல்பான காந்தப்புலத்தைப்போல் எழுபதாயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட வலிமை அது. அக்காந்தச் சுருளின் மின்தடையை இல்லாதாக்க, சுழிக்குக் கீழ் 269 பாகைக் குளிரிலுள்ள நீர்ம ஈலியத்தில் அதனை அமிழ்த்தி வைக்கின்றனர்.

இப்பொறியில் எடுக்கும் எல்லாப் படமும் ஒன்றல்ல என்பதே நாம் தெளிய வேண்டிய தலையாய செய்தி. பெரும்பாலும் எடுக்கப்பெறுவது குருதியோட்டப் படம். அதில் ஓடும் குருதி வெண்மையாக ஒளிரும், சுவர் தெரியாது. வாய்க்காலின் ஓட்டத்தைப் பார்ப்பது போன்றது அது. சுவர்ப் படம் என்பது வேறு. அதில் ஓடும் குருதியையும் மூளையைச் சூழ்ந்த நீரையும் வேண்டுமென்றே கருமையாக்கிவிடுகின்றனர். இரண்டு கருமைக்கும் இடையில் சுவர் மட்டும் வெளிப்படுகின்றது. மூளை நடுக்குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நலமான சுவரின் தடிப்பு அரை மில்லிமீட்டரும் இராது. ஆதலால் அரை மில்லிமீட்டர் அளவில் பிரித்துக் காட்டும் நுண்படம் தேவைப்படுகின்றது. நோயர் தலையை அசைக்காமல் கூடுதல் நேரம் கிடக்கவும் வேண்டும்.

அவ்வாறு எடுத்த படத்தில் கொழுப்புப் படிவு பெரும்பாலும் சுவரின் ஒருபுறத்தில் மட்டும் தடித்திருக்கும். குழாய் அழற்சியாயின் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருப்பது வழக்கம். ஆகவே நோய் இன்னதென்று பிரித்தறியவும் இப்படம் துணை செய்கின்றது. கடோலினியம் சேர்ந்த மருந்தை ஊசிவழிச் செலுத்திய பின் படிவு ஒளிர்ந்தால், அண்மைத் தாக்குக்கு அதுவே பொறுப்பாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவர். படிவுக்குள் குருதி கசிந்திருந்தால் அதுவும் தனியே தெரியும். இப்படத்தை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று 2017ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்புக் கதிரியல் கழகத்தின் அறிஞர் குழு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது.

இது நமக்கு ஏன் தலையாயது? மேலை நாட்டு வெள்ளையரிடம், கழுத்துக் குழாயில் படியும் கொழுப்பால் வரும் தாக்கு மிகுதி. ஆசிய மக்களிடம் மூளைக்குள்ளேயே ஓடும் குழாய்களின் நோய் மிகுதி. சீனத்தில் 22 மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,864 நோயரை ஆய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 46.6 விழுக்காட்டினர்க்கு மூளைக்குள்ளோடும் குழாய்களில் குறுக்கம் காணப்பட்டது. குறுக்கம் இல்லாத படிவுகள் இக்கணக்கில் வரா. எனவே கழுத்துக் குழாயை மட்டும் பார்த்துவிட்டு ஐயந்தீர்ந்து அமர்வது நம்மனோர்க்குப் பொருந்தாது.

இப்படிச் சொல்வதனால் எல்லாரும் ஓடிச்சென்று சுவர்ப் படம் எடுத்துக்கொள்க என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. அது பொருளுக்கும் கேடு, பொறிக்கும் சுமை. தாக்கு வந்தும் அதன் முதல் இன்னதென்று விளங்காதவர்க்கும், ஓட்டப் படத்தில் சிறு சீரின்மை மட்டுமே தெரிந்தவர்க்கும், படிவா அழற்சியா என்ற ஐயம் உள்ளவர்க்கும் அது உதவும். நெஞ்சில் மின்முடுக்கி பொருத்தியவரும், கண்ணில் இரும்புத் துகள் பட்டவரும், சிறுநீரகம் நலிந்தவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பற்றவைப்பு வேலையும் சாணை வேலையும் செய்வோர் பலர். கண்ணில் புகுந்த துகளை அவர்கள் மறைத்தல் கூடாது.

படம் மருந்தன்று. படிவைக் கண்டவுடன் கம்பிவலைக் குழாய் வைத்து விரித்துவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். மூளைக் குழாயில் நூற்றுக்கு 70 முதல் 99 பங்கு குறுக்கமும் அண்மையில் தாக்கும் உடைய 451 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதல் 30 நாளில் தாக்கோ இறப்போ நேர்ந்தது, வலைக்குழாய் வைத்தவருள் 14.7 விழுக்காடு, மருந்தாலும் ஒழுக்கத்தாலும் மட்டும் காக்கப்பெற்றவருள் 5.8 விழுக்காடு. அம்மருந்துகள் எவை? குருதி உறையாமற் காக்கும் ஆசுபிரினும் குளோப்பிடோகிரலும், கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், குருதியழுத்தத்தை அடக்கும் மருந்தும். அவற்றொடு புகைவிடுதலும் உடற்பயிற்சியும். ஆகவே இந்நோயில் வெற்றி தோல்வி என்பது பெரும்பாலும் நாள்தோறும் மாத்திரையை விடாமல் உண்ணும் அந்த எளிய மாந்தனின் கையில் இருக்கின்றது. அவனுக்கு விளங்காத மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு அவன் விடாமல் உண்பான் என்று எதிர்பார்ப்பது எவ்வகை அறிவு?

சேலம், நாமக்கல் சமவெளியை எண்ணிப் பாருங்கள். நாமக்கல்லில் சரக்குந்துக் கூடு கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டில் ஆழ்துளை ஊர்திகள். சங்ககிரியில் வரிசை வரிசையாகச் சரக்குந்துகள். இங்கிருந்து புறப்படும் ஓட்டுநரும் துணைவரும் பன்னாள் வீடு திரும்பார். உறக்கம் முறையாக இல்லை, உணவு வேளைக்கு இல்லை, விழித்திருக்கப் புகையிலை, குருதியழுத்தத்தை அளந்து பார்க்கப் பொழுதில்லை. நெசவுக் கூடத்தில் இரவுமுறை பார்ப்பவர் நிலையும் இதுவே. மூளைக் குழாயில் படிவு வளர்வதற்கு இதனினும் ஏற்ற மண் வேண்டுமா? இவர்களுள் எத்தனை பேருக்கு ஆங்கில அறிக்கை விளங்கும்?

‘மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது’ என்பார் இன்னும் உளர். 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேலை மருத்துவம் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் பயிற்றியவர், ஊரார்க்குப் பணிபுரிய வேண்டியவர் ஊரார் மொழியிற் பயிலுதலே முறையென்று பின்னர்த் தமிழுக்கு மாறினார். உடற்கூறும் அறுவையும் வேதியியலும் மருந்தியலும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாயின. அவற்றில் வடசொற் கலப்பு மிகுதிதான். ஆயினும் அயல்நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் செய்யத் துணிந்ததை, இம்மொழியைத் தாய்ப்பாலோடு உண்டவர் இன்று முடியாதென்பது நாணத்தக்கதன்றோ! 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய மொழிஞாயிறு பாவாணர், எப்பொருளுக்கும் வேரிலிருந்து சொல் பிறப்பிக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டென்பதை இதே மண்ணிலிருந்து காட்டினார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்போது, மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைத்தார். நோயரை வெறும் உடலாகக் கிடத்திப் படமெடுத்து, ஆங்கிலத்தில் ஓர் ஏட்டைக் கையில் திணித்தனுப்பும் முறை, அந்நான்கனுள் முதலாவதை வெட்டி எறியும் முறையாகும்.

குற்றம் மருத்துவர் மேல் மட்டும் இல்லை. நம் மேலும் உண்டு. சொல்லாக்கிப் பட்டியலிட்டு ஏட்டில் அச்சேற்றிவிட்டால் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். நாம் ஆக்கிய சொல் மருத்துவமனையின் வாயிற்படியைக் கடந்ததா என்று பார்த்தோமில்லை. என் மாமன் கேட்டபோது, தூய தமிழ் பேசும் எனக்கும் படிவு என்ற சொல் அவ்விடத்தில் நினைவுக்கு வரவில்லை. நானும் அடைப்பு என்ற ஒரே சொல்லில்தான் எண்ணினேன். உரிய சொல் இல்லாத இடத்தில் உரிய எண்ணமும் இல்லாமற் போகின்றது.

ஆகவே செய்ய வேண்டியவற்றைத் திட்டமாகச் சொல்கின்றேன்.

முதலாவது, மூளைப் படம் எடுக்கும் ஒவ்வோரிடமும் ஆங்கில அறிக்கையோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் தர வேண்டும். எடுத்தது ஓட்டப் படமா, சுவர்ப் படமா? குறுக்கம் உண்டா? சுவரில் படிவு உண்டா, இல்லையா, பார்க்கப்படவே இல்லையா? எந்த மருந்து எதற்காக? எவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது? இவ்வைந்து வினாக்கட்கும் விடை அதில் இருந்தால் போதும்.

இரண்டாவது, சேலத்தில் 1986ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. நாமக்கல்லில் 2022ஆம் ஆண்டில் மற்றொன்று தொடங்கப்பெற்றது. இவ்விரண்டிலும் பயிலும் மாணவர், தாம் கண்ட நோயை நோயர்க்குத் தமிழில் ஐந்து மணித்துளியில் விளக்கிக் காட்டுவதையும் தேர்வின் ஒரு பகுதியாக்க வேண்டும். தமிழறிஞரும் மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து, உழவனுக்கும் ஓட்டுநனுக்கும் விளங்கும் சொற்களைத் தேர்ந்து தர வேண்டும்.

மூன்றாவது நமக்கு. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் இவ்வாரமே தம் குருதியழுத்தத்தையும் சருக்கரையையும் அளந்து பார்க்க வேண்டும். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அந்நொடியே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். அந்நேரத்தில் முதலில் வேண்டுவது சுவர்ப் படமன்று. குருதிக்கசிவா அடைப்பா என்று விரைந்து காட்டும் படமே. கசிவால் வந்த தாக்குக்கு ஆசுபிரின் கேடாகும். ஆதலால் வீட்டிலேயே அதனைக் கொடுத்துவிடக் கூடாது.

என் மாமன் இப்போது கோலூன்றி நடக்கின்றார். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஊர்தி ஓட்டும் தொழில் போனது போனதுதான். நாள்தோறும் இரவில் மாத்திரையை எடுக்கும்போது தமக்கையார் அவரிடம், “இது எதற்கு?” என்று கேட்பார். அவர் திக்கித் திக்கி, “சுவர்ப் படிவுக்கு” என்பார். ஈராண்டுக்கு முன் அவ்விரு சொற்களை அவருக்குச் சொல்லியிருந்தால், இன்றும் சங்ககிரிச் சாலையில் அவர் ஊர்தி ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

தமிழில் சொல்லுங்கள் என்று நாம் கேட்பது மொழிக்காக மட்டும் அன்று. அதனைக் கேட்டுப் பிழைத்திருக்க வேண்டிய மாந்தனுக்காக!